எட்டாவது பல்

பாலூர் ஸ்டேஷனில் நான் இறங்கியிருக்கவே கூடாது. செங்கல்பட்டில் இறங்க வேண்டியவள். தாம்பரத்தில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்து, கனடாவில் இப்போது என்ன மணி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். அந்த ரயில் செங்கல்பட்டோடு நிற்காது, திருமால்பூர் வரை போகும் என்று எனக்குத் தெரியாது. எதிரே கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் என் முழங்காலைத் தட்டினார்.

“இன்னாம்மா, எங்க எறங்கணும் நீ?”

“செங்கல்பட்டு.”

“அது எப்பவோ பூட்ச்சே! நல்லா தூங்கினே வந்த போ. இங்கயே எறங்கிக்கோ. வெளிய போனா பஸ்சு கீது.”

பஸ் இருந்தது. உட்கார இடம் இல்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மேலே கம்பி, காலுக்கடியில் யாருடைய கோழியோ. திங்கட்கிழமை காலை இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு இருந்ததோ வியாழக்கிழமை பதினொரு மணி வரைதான்.

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஆல்பர்ட்டாவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் நான் பல் பொறுக்குகிறேன். மூட்டை மூட்டையாக வரும் மண்ணை அலசி, சலித்து, காயவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு மணலாகத் தள்ளித் தேட வேண்டும். கோழி அளவிலும் நாய் அளவிலும் ஓடித் திரிந்த மாமிசம் தின்னும் குட்டி டைனோசர்களின் பற்கள் அதில் கிடைக்கும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். எலும்பு பெரும்பாலும் மக்கிப் போய்விடும், பல் நிற்கும். என் பெரியப்பா மகன் தன் போனில் என் பெயரைப் ‘பல் பொறுக்கி’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறான்.

எஸ்தரை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் நிலவியல் ஆசிரியை. ஆறு வருடமாகத் தற்காலிகம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவர்கள். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவள். மூன்று வருடம் முன்பு, பல் பொறுக்குவது எப்படி என்று கேட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அன்று முதல் நான் அக்கா. மாணவர்களுக்குக் காட்டு என்று எட்டு டைனோசர் பற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அனுப்பினேன். ஒரு கண்காட்சியில் நான் வாங்கியிருந்த மொராக்கோ பற்கள் அவை.

போன மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து வெள்ளைக் களிக்கல்லை உடைத்து அலசியதில் கிடைத்ததாம், வளைந்த ஒரு குட்டிப் பல். அந்தக் கல்லில் இலைத் தடங்கள் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டைனோசர் பல் யாருக்கும் கிடைத்ததில்லை. நான் அரை நிமிடத்தில் பதில் போட்டேன்: ‘சந்தேகமே இல்லை எஸ்தர், டைனோசர் பல்தான். வாழ்த்துகள்!’

கையில் எடுத்துப் பார்க்காமல் அப்படி எழுதலாமா? முப்பது வருடம் இதையே செய்கிறவள் எழுதலாமா? எழுதிவிட்டேன். கல்லூரி முதல்வர் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் வைத்து, வியாழக்கிழமை பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார். அன்றைக்கே எஸ்தருக்கு நிரந்தரப் பணி ஆணையும் கையில் தருவதாக ஏற்பாடு. இதைக் கேட்டதும் அந்தப் பல்லை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. லீவு போட்டு விமானம் ஏறினேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் எஸ்தர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாளாம். ஒல்லியாக, உயரமாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். “பாலூர் வரைக்கும் சுத்திப் பார்த்துட்டு வந்துட்டீங்களா அக்கா?” என்று சிரித்தாள். அவள் வீட்டில் தங்காமல் மாமல்லபுரத்தில் அறை எடுத்ததில் அவளுக்கு வருத்தம். நான் இருக்கும் ஊரிலிருந்து கடலைப் பார்க்க மலைகளைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் கார் ஓட்ட வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை வேறு. பல் பொய்த்துப் போனால் அவள் வீட்டுச் சோற்றை எந்த முகத்தோடு சாப்பிடுவது?

சாயங்காலம் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு சிப்பிக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் மாட்டுகிற கறுப்புக் கயிறு, நடுவில் ஒரு முக்கோணப் பல். வேரில் ஓட்டை போட்டுக் கோத்திருந்தது.

“டைனோசர் பல்லு மேடம். ஒரிஜினல்.”

“இது சுறாப் பல் அண்ணே. குட்டிச் சுறா.”

அவர் அசரவில்லை. “வெள்ளக்காரன் டைனோசர்னுதான் வாங்கினு போறான். நீங்க இன்னான்னு வேணா வெச்சிக்கங்க.”

சிரித்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுவல். எங்கள் ஊரில் மீன் என்றால் உறைந்து கல்லாகிப்போன ஒன்று. இது நாக்கில் வைத்ததும் உதிர்ந்தது. முதல் நாளின் நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி வாசலில் கால் வைத்ததுமே எனக்குப் பகீரென்றது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். வாயைப் பிளந்துகொண்டு ஒரு ராட்சத டைனோசர், அதன் மூக்குக்கு நேரே புடவையில் எஸ்தர், மூலையில் முதல்வர் கைகூப்பியபடி. ‘செங்கை மண்ணின் சிங்கப் பெண்ணே!’ என்று மேலே எழுத்து. எங்கள் ஊரில் ஒரு பல்லை உறுதிசெய்து அறிவிக்க ஒரு வருடமாவது ஆகும். இங்கே பேனர் முதலில் வந்துவிட்டது.

“அந்த டைனோசர் படத்தை மாத்தச் சொன்னேன் அக்கா,” என்றாள் எஸ்தர். “சின்னதா போட்டா யாரும் பார்க்க மாட்டாங்கன்னுட்டாரு.”

ஆய்வகத்தில் அவள் மூன்று பற்களை எடுத்து வைத்தாள். முதல் இரண்டும் கறுப்பு, கூம்பு வடிவம், விளிம்பு வழவழவென்று இருந்தது. மீன். அந்த வெள்ளைக் கல்லின் துகள் இன்னும் அவற்றில் ஒட்டியிருந்தது. மூன்றாவதைத் தூரிகையால் தொட்டுத் திருப்பினேன்.

அது டைனோசர்தான். தட்டையாக, பின்னோக்கி வளைந்து, பின் விளிம்பு முழுக்க வரிசையாகப் பொடிக் கருக்கு. கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் விளிம்பு எப்படி இருக்குமோ அப்படி. சுறாவின் பல் இப்படி வளையாது, முதலைக்கு இப்படிச் சீரான கருக்கு கிடையாது. என் புகைப்படத் தீர்ப்பு சரி. ஆனால் அந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மீன் பற்கள் கறுப்பாக, விரிசலோடு இருக்க, இது மட்டும் கருப்பட்டி நிறத்தில் பளபளத்தது. ஒரே கல்லில் இருந்து வந்தவை இவ்வளவு வித்தியாசமாக இருக்குமா?

“ஏன் இப்படி மின்னுது?”

“உடைஞ்சிடுமோன்னு பயந்து நெயில் பாலிஷ் போட்டேன் அக்கா. கலர் இல்லாதது.”

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டேன். “நான் அனுப்பின எட்டுப் பல் எங்கே?”

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு தெளிந்தது. “அதை நானும் யோசிச்சேன் அக்கா. எட்டும் டப்பாவுல பத்திரமா இருக்கு. லேப் அட்டெண்டர் ஏகாம்பரம் அண்ணன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணி நோட்டுல எழுதுவார். பீரோ சாவி அவர்கிட்டதான். இன்னிக்கு லீவு.”

எட்டு என்று நோட்டிலும் இருந்தது, வாரா வாரம், நீல மையில். எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் களிக்கல் கிடைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். சிங்கப்பெருமாள் கோயிலில் புளிச் சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினோம். மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர். மறைமலைநகர் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டு வரிசையாக நின்றன. பாதி வழியில் ஆட்டோ டயர் பஞ்சர். மீதியை வெயிலில் நடந்தோம். எங்கள் ஊரில் நான் பல் தேடும் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இருக்காது. இங்கே இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே, யாரோ தோண்டிப்போட்ட பள்ளத்தில், வெள்ளை வெளேரென்று கல் கிடந்தது. தட்டினால் தகடு தகடாகப் பிரிந்தது. ஒரு தகட்டில் சீப்பு மாதிரி ஓர் இலை. அவ்வளவு துல்லியமான தடத்தை நான் கையில் பிடித்துப் பல நாள் ஆகியிருந்தது.

இருட்டும் வரை உடைத்தோம். பல் ஒன்றும் இல்லை.

“இங்கேர்ந்து காலேஜுக்கு ஒரு மூட்டை கொண்டுபோறதுக்குள்ள உயிர் போயிடும் அக்கா,” என்றாள், கையை உதறிக்கொண்டே. “ஷேர் ஆட்டோவுல மூட்டையை ஏத்தவே மாட்டாங்க. அதனால ஒரு பிடி மண்ணைக்கூட வீணாக்க மாட்டேன்.”

புதன்கிழமை ஏகாம்பரம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருமண், சட்டைப் பையில் சாவிக்கொத்து. எஸ்தர் வகுப்பில் இருந்தாள். டப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“அத்த எதுக்கு மேடம் இப்ப? எல்லாம் கரெக்டா கீது. நோட்டு பாத்தீங்கல்ல?”

“திறங்க அண்ணே.”

பீரோவைத் திறந்தார். சாவி துவாரத்தில் நுழைய நேரமானது. டப்பாவில் பஞ்சு வைத்து எட்டுக் குழி, எட்டுப் பல். ஒன்று, இரண்டு, மூன்று என்று தூரிகையால் தொட்டுக்கொண்டே போனேன். ஏழு வரை என்னுடையவை. எட்டாவது முக்கோணமாக இருந்தது. திருப்பினேன். வேரில் ஒரு ஓட்டை, அதில் மெழுகு அடைத்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு விற்கப் பார்த்த அதே சரக்கு.

நான் நிமிர்ந்தபோது ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பசங்களுக்குப் பல் பொறுக்கப் பழக்கவேண்டி எஸ்தர் ஒரு முறை வைத்திருந்தாள். அலசிக் காயவைத்த வெள்ளை மண்ணில் டப்பாவின் எட்டுப் பற்களையும் கலந்து கொடுப்பாள். பசங்க தேடி எடுத்து ஏகாம்பரத்திடம் கொடுப்பார்கள். அவர் எண்ணிக் குழியில் வைப்பார். பிறகு மண் வீணாகக் கூடாதென்று பழைய மூட்டைக்கே திரும்பிப் போகும்.

“கடைசியா கலந்த அன்னிக்கு ஏழுதான் வந்துச்சு மேடம், அதுக்கப்புறம் டீச்சரு டப்பாவ தொறக்கவே இல்ல. ரெண்டு நாளு தேடினேன். கெடைக்கல. டீச்சரு அத்த சாமி மாதிரி வெச்சினு கீறாங்க, இன்னான்னு போயி சொல்றது? மாபலிபுரத்துல வாங்கியாந்து வெச்சிட்டேன். எட்டுன்னு எழுதினேன். அந்தப் பல்லுதான் இந்தப் பல்லுன்னு எனுக்கு சத்தியமா தெரியாது. இப்ப சொன்னா என் வேல பூடும் மேடம்.”

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர் பயத்தில் எட்டு என்று எழுதினார். நான் ஆசையில் ‘சந்தேகமே இல்லை’ என்று எழுதினேன். என் எழுத்துக்குத்தான் அச்செடுத்த மரியாதை கிடைத்தது.

ஆனாலும் ஒரு நூலளவு நம்பிக்கை இருந்தது. தொலைந்த பல் சாக்கடையில் போயிருக்கலாம். இது வேறாக இருக்கலாம். விழுந்த பல்லின் அடியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது எந்த மண்ணில் புதைந்ததோ அந்த மண்ணே அதில் இறுகி அடைத்திருக்கும். இங்கத்திய மண் வெள்ளை. மொராக்கோ மணல் சிவப்பு. எஸ்தர் அந்தப் பள்ளத்தின் மேலும் பாலிஷ் பூசியிருந்ததில், மண் நனைந்ததுபோல் கறுத்து நிறம் தெரியாமல் இருந்தது. அதை எடுத்தால் தெரிந்துவிடும்.

வகுப்பு முடிந்து வந்தவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏகாம்பரம் சுவரைப் பார்த்து நின்றார். எஸ்தர் அவரை ஒரு முறை பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். எதிர்த்த ஃபேன்ஸி ஸ்டோரில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கப் போயிருக்கிறாள்.

“நானே எடுக்கறேன் அக்கா,” என்றாள்.

பஞ்சில் தோய்த்து ஒற்றினாள். காத்திருந்தாள். மறுபடி ஒற்றினாள். ஊசி முனையால் பள்ளத்தை மெல்லச் சுரண்டினாள். வெள்ளைத் தட்டில் நாலைந்து மணல் விழுந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஐம்பது வயதில், ஒரு மணலின் நிறத்துக்காக.

“செவப்பு,” என்றாள்.

தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தினாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “இது நம்ம மூணு பேருக்குத்தானே அக்கா தெரியும்? ஆர்டர் கைக்கு வந்தப்புறம் சொன்னா என்ன? ரெண்டு மாசம் கழிச்சு?”

‘கூடாது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுடைய ஆறு வருடம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, என் மானமும் கூடவே இருந்தது. “நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி,” என்றேன். அதைவிடக் கோழைத்தனமான வாக்கியம் தமிழில் இருக்கிறதா, தெரியாது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போன் செய்தேன், எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே மாமல்லபுரத்தில் பஸ் ஏறிவிட்டேன். சாலையோரச் சிற்பப் பட்டறைகளில் அதற்குள் கல் அறுக்க ஆரம்பித்திருந்தார்கள், அந்தச் சத்தத்தில் பல் கூசியது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. பெல்ட் அறுந்துவிட்டதாம். கண்டக்டர் விசில் ஊதி எல்லோரையும் இறக்கினார்.

“அடுத்த வண்டி எப்ப அண்ணே?”

“வந்துகினே கீதும்மா.”

வந்துகினே இருந்தது, வரவில்லை. ஒன்றரை மணி நேரம். வந்தபோது படியில்தான் இடம். நடுத்தர வயதில், மூக்குக் கண்ணாடியோடு, புடவையில், படியில் தொங்கிக்கொண்டு போனேன். ‘பல் பொறுக்கி பல் போய் வருவாள்’ என்று பெரியப்பா மகன் சொல்லியிருப்பான். எஸ்தர் என்ன சொல்லப்போகிறாள் என்பதைவிட, அவள் பொய் சொன்னால் நான் பேசாமல் உட்கார்ந்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்லூரிக் கூடத்துக்குள் நுழைந்தபோது பதினொன்று இருபது. எஸ்தர் பேசிக்கொண்டிருந்தாள். பேனரில் கட்டியிருந்த அதே புடவை. மேசை மேல் டப்பா திறந்திருந்தது.

“…அதனால இது நம்ம மண்ணுல கிடைச்ச பல் இல்லை. பசங்களுக்குப் பழக்க நான்தான் கலந்தேன். கலந்த மண்ணைத் திரும்ப மூட்டையில கொட்டச் சொன்னதும் நான்தான். சரிபார்க்காம விட்டதும் என் தப்பு.”

ஏகாம்பரத்தின் பெயர் வரவே இல்லை. அவர் கதவுக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

முதல்வர் எழுந்தார். “அப்ப அந்தக் கனடா நிபுணர் எழுதிக் கொடுத்தது?” என்றார், கோப்பைத் தூக்கிக் காட்டி.

என் கால் தானாக நடந்தது. “அது நான்தான் சார். பல்லைத் தொட்டுப் பார்க்காமல் எழுதினேன். தப்பு என்னுடையது,” என்றேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எஸ்தரும் திரும்பினாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு நிருபர், “அப்ப நியூஸ் ஒண்ணும் இல்லையா?” என்றார். எஸ்தர் மீன் பற்கள் இரண்டையும் காட்டி, இவை நம் மண்ணுடையவை என்றாள். யாரும் படம் எடுக்கவில்லை. பஃப்ஸும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பணி ஆணையை முதல்வர் கோப்புக்குள் திரும்பச் செருகியதை நான் பார்த்தேன். “அடுத்த வருஷம் பார்க்கலாம்மா,” என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை என் விமானம். கிளம்புமுன் பள்ளத்துக்கு வரச் சொல்லி எஸ்தர் செய்தி அனுப்பியிருந்தாள். பெட்டியோடு போனேன். பேனரை ஏகாம்பரம் அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைப் பின்பக்கம் மேலே தெரிய விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். டைனோசரும் எஸ்தரும் முதல்வரும் குப்புறக் கிடக்க, அவர்கள் மேல் புதிதாக அலசிய மண் காய்ந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல பாய் எங்கள் அருங்காட்சியகத்திலும் கிடையாது.

“பழைய மூட்டை எல்லாத்தையும் கொட்டிட்டேன் அக்கா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்,” என்றாள். கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. அழுதிருக்கிறாள். மன்னித்துவிடு என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“எட்டும் இருக்கு. எண்ணிக்குங்க,” என்றாள். “கோவமா சொல்லலக்கா. இங்க ஒரு பல் இருந்தா, அது இந்த மண்ணுலேர்ந்தே வரட்டும்.”

அவள் எதிரிலேயே எண்ணினேன். எட்டும் என்னுடையவைதான்.